வசம்பு கலந்த குதிரைவாலி

அச்சங்குளம்,
7.7.2024, ஞாயிறு

பாலைவனத்துல இருக்க பாசமுள்ள மகள் ஹெப்சிபாவுக்கு,

பெரியம்மா ஞானதீபம் எழுதிக்கிடுறது. கர்த்தரோட கிருபையில நானும் ஒன் தங்கச்சி ஜாஸ்பினும் சொகமா இருக்கோம். அங்கன ஒன்னயப் பாத்துக்கிடுறதும் அதே கைதான்னு நம்பித்தான் கண்ண மூடித் தூங்குறேன்.

போன்ல பேசலாம்னா ஒனக்கு அங்கன டவர் இல்ல. வாரத்துக்கு ஒருக்க ஜீப்புல தபால் வரும்னியே, அதான் பேனாவ எடுத்துட்டேன். ஒரு வகையில இதுவும் நல்லதுதான். போன்னா நான் ஆரம்பிக்கும்போதே "சரி பெரியம்மா, வச்சுரவா"ம்ப. காயிதம் அப்படிச் சொல்லாதுல்ல.

நீ கேட்ட குதிரைவாலியத் தனிப் பார்சலா அனுப்பியிருக்கேன். கடை விதையில மருந்து கலந்துருக்கான், எலிக்கும் குருவிக்கும் ஆகாதுன்னியே. இது நம்ம புஞ்சையில வெளஞ்சது. பொடச்சு, கல்லு பொறக்கி, செய்ய வேண்டிய பக்குவமெல்லாம் செஞ்சு, ஜெபம் பண்ணித்தான் பையக் கட்டுனேன். பைய வாங்குன சாத்தூர் போஸ்ட் ஆபீஸ்காரரு, "ராஜஸ்தான்ல இருக்க பிள்ளைக்குச் சோத்துக்கா"ன்னு கேட்டாரு. "எலிக்கு"ன்னேன். அதுக்கப்புறம் அவரு என்னயப் பாத்த பார்வை இருக்கே.

மே மாசம் நீ வந்துட்டுப் போனதுல இருந்து வீடு வெறிச்சுன்னு கெடக்கு. நீ இருந்தப்ப எம்புட்டுப் பேரு. மனு எழுதிக் கேக்க ஒருத்தர், பிள்ளைக்கு எந்தக் காலேஜுன்னு கேக்க ஒருத்தர். இப்ப எட்டிப் பாக்க நாதியில்ல. எதிர்த்த வீட்டு வேலுத்தாயி மக ரோஜாவும் கூட நாலஞ்சு வாண்டுகளும் மட்டும் சாயங்காலம் ஆனா வாசல்ல நின்னு, "ஹெப்சியக்கா இருக்காகளா"ங்கும். அப்பன் ஆத்தா கம்பெனியில இருந்து வர நேரமாகும், அதுக எங்க போகும். லீவுல பாடஞ் சொல்லிக் குடுத்துப் பழக்கிட்டது நீதான. "அக்கா கிறிஸ்மஸுக்குத்தான் வருவாக, போங்க"ன்னு அனுப்பிருறேன்.

ஜாஸ்பின் பட்டாசுக் கம்பெனிக்குத்தான் போறா. பெட்டி ஒட்டுற வேலைதான், மருந்துப் பக்கம் போறதில்ல. ஆனாலும் சாயங்காலம் கம்பெனி வேன் வந்து நிக்கிற வரைக்கும் அடுப்புக்கும் வாசலுக்குமா நடந்துக்கிட்டே இருப்பேன். அவள அங்கனருந்து எடுத்துரணும், அம்புட்டுத்தான் என் ஜெபமெல்லாம். எங்க கொண்டுபோய் வைக்க? பிளஸ் டூவோட படிப்பு வேண்டாம்னுட்டா. நான் பெத்தவளா இருந்தாலும் உள்ளதத்தான சொல்லணும், ஆண்டவர் ஒனக்குக் குடுத்த தாலந்து வேற, அவளுக்குக் குடுத்தது வேற. நீ வந்தப்ப வச்ச மீன் கொழம்பு நல்லா இருந்துச்சுல்ல, அது அவ வச்சது.

கிறிஸ்மஸுக்கு டிக்கெட் இப்பவே போட்டுரு. போன வருஷம் மாதிரி ஏமாத்திராத.

ஜெபத்துல ஒன் பேர முதல்ல சொல்லுற,
பெரியம்மா ஞானதீபம்


ஆய்வு முகாம், ஜெய்சல்மேர் மாவட்டம்,
4.8.2024

அன்பான பெரியம்மாவுக்கு,

உங்கள் கடிதமும் குதிரைவாலியும் ஒரே ஜீப்பில் வந்து சேர்ந்தன. பையைப் பிரித்ததும் நம் வீட்டு வாசம் குப்பென்று வந்தது. இங்கே மணலையும் டீசலையும் தவிர வேறு வாசமே கிடையாது. ரொம்ப நேரம் பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூட இருப்பவர்கள் பார்த்துச் சிரித்தார்கள்.

"அம்புட்டுத் தூரம் போய் என்னதான் பாக்குற" என்று மே மாதம் கேட்டீர்கள். அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை. ஒரு தகரத் தட்டில் மணலை நிரப்பி, விதையை அளந்து கலந்து வெளியே வைப்போம். கிளற ஆரம்பிக்கும்போது விதை சுலபமாகக் கிடைக்கும். போகப் போகக் கிளறுகிற பாடு கூடும், கிடைக்கிறது குறையும். ஒரு கட்டத்தில் அந்த உயிர் போதும் என்று விட்டுவிட்டுப் போய்விடும். மிச்சத்தைச் சலித்து எடை போட்டால், அது எந்த இடத்தில் கைவிட்டது என்று தெரிந்துவிடும்.

இரவில் வெள்ளெலி வரும். நம் புஞ்சையில் வளை தோண்டுகிற அதே சாதிதான். விடிந்ததும் வானம்பாடி. வெயில் ஏறினால் எறும்பு. ஒன்று வந்து போனதால் இன்னொன்று எவ்வளவு தின்கிறது, எங்கே தின்கிறது என்பதுதான் என் வேலை. வானம்பாடிதான் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறது. தட்டின் ஓரத்தில் வந்து உட்காரும், ரெண்டு கொத்துக் கொத்தும், பறந்துவிடும். இந்தப் பக்கத்து வானம்பாடிக்கு விதையில் அவ்வளவு நாட்டமில்லை என்று இரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜாஸ்பினை ஒரு வரியாவது எழுதச் சொல்லுங்கள். கிறிஸ்மஸுக்குக் கட்டாயம் வருகிறேன். சபையில் போடுகிற நாடகத்துக்கு இப்போதே கதை யோசித்துவிட்டேன்.

உங்கள்
ஹெப்சி


அச்சங்குளம்,
15.9.2024, ஞாயிறு

அன்பு மகள் ஹெப்சிபாவுக்கு,

நம்மள மரண இருளின் பள்ளத்தாக்குல நடத்திக் கொண்டுவந்தவருக்கு ஸ்தோத்திரம் சொல்லி எழுதுறேன். முதல்லயே சொல்லிருறேன், ஜாஸ்பின் நல்லா இருக்கா.

முந்துன வாரம் வியாழக்கிழமை மத்தியானம் தெக்க ஒரு கம்பெனியில வெடிச்சுருச்சு. வீட்டுத் தகரம் அதிர்ந்து, அலமாரியில இருந்த டம்ளர் உருண்டு வந்துச்சு. எந்தக் கம்பெனின்னு அந்த நேரம் யாருக்குத் தெரியும். போன் போட்டா ஒருத்தருக்கும் போகல. ஊரு பூரா ரோட்டுல வந்து நின்னுச்சு. பள்ளிக்கூடத்துல பிள்ளைகள அனுப்பிட்டாக. அதுக வீட்டுக்குப் போகாம நேரா நம்ம வீட்டுக்கு வந்துருச்சுக. எல்லாத்துக்கும் ஆத்தாமாரு கம்பெனியிலதான. நான் ஜெபத்துக்கு முழங்கால் போட்டுட்டேன், எனக்கு வேற என்ன தெரியும்.

வேன் வந்துச்சு. ஜாஸ்பின் எறங்குனா. அவ கம்பெனி இல்ல. அவளக் கட்டிப் பிடிச்சு அழுதுக்கிட்டு இருந்தேன், அவ என் தோளுக்கு மேல பிள்ளைகளப் பாத்துக்கிட்டு இருந்திருக்கா. வேலுத்தாயி வார வண்டி இன்னும் வரல. ரோஜா செவுத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கிது, அழக்கூட இல்ல. ஜாஸ்பின் கையில பசையோட அப்படியே தரையில ஒக்காந்து, எல்லாரும் வாங்க, வாய்ப்பாடு சொல்லுவோம்னா. "ஹெப்சியக்கா இல்லையே"ன்னுச்சு ரோஜா.

"நான் இருக்கேன்ல, ஒக்காரு"ன்னா.

வேலுத்தாயி வந்து சேருற வரைக்கும் வாய்ப்பாடு ஓடுச்சு. அவ நல்லாத்தான் வந்து சேந்தா. ஆனா அந்தக் கம்பெனியில ரெண்டு உசுரு போச்சு. அதப் பத்தி எழுத எனக்குக் கை வரல.

மறுநாளும் பிள்ளைக வந்துருச்சுக. இவளும் வேலைக்குப் போயிட்டு வந்த அலுப்போட ஒக்காருறா. கம்பெனியில கழிச்சுப் போடுற பெட்டி அட்டையக் கொண்டாந்து நறுக்கி, நம்பர் எழுதி, அதுகளக் கூட்டு கழிங்கா. வீடெல்லாம் அட்டைத் துண்டு. பெருக்கி மாளல. ராத்திரி சோறு பிந்துது. நீயா இருந்தா இந்தச் சத்தமில்லாம சொல்லிக் குடுத்துருப்ப.

கிறிஸ்மஸுக்கு வாறேன்னு எழுதுனதப் படிச்சுட்டு தெருவுல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்.

பெரியம்மா ஞானதீபம்


ஆய்வு முகாம்,
6.10.2024

பெரியம்மாவுக்கு,

நீங்கள் எல்லாரும் பத்திரமாக இருப்பதில் நிம்மதி. ஆனால் இந்தக் கடிதத்தைக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

உங்கள் குதிரைவாலி வைத்த நாளிலிருந்து ஒரு வெள்ளெலிகூடத் தட்டுக்குள் கால் வைக்கவில்லை. தட்டைச் சுற்றி மணலில் தடம் இருக்கிறது, உள்ளே இல்லை. நரியா, ஆந்தையா என்று இரவெல்லாம் காவல் இருந்து பார்த்தோம். நேற்றுத்தான் ஒரு கை விதையை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தேன். வசம்பு. பை நிறைய வசம்புத் தூள்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. மழைக்குப் பிந்திய இந்த மாதங்கள் போனால் போனதுதான். என் ஆய்வு வழிகாட்டியிடம் என்ன சொல்வேன், எங்கள் வீட்டு வாசம் என்று முகர்ந்து பார்த்து மகிழ்ந்துவிட்டேன் என்றா? எல்லாவற்றிலும் உங்கள் கை பட வேண்டுமா?

ஹெப்சிபா


அச்சங்குளம்,
27.10.2024, ஞாயிறு

மகளுக்கு,

ஒன் காயிதத்த ஜாஸ்பின் கண்ணுல காட்டல. பைபிளுக்குள்ள வச்சுட்டேன்.

விதைன்னா வண்டு விழும், வண்டுக்கு வசம்பு. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான் மக்கா. எங்க காலத்துல விதையப் பக்குவம் பண்ணுனதே எலியும் வண்டும் திங்கக் கூடாதுன்னுதான. எலி திங்கணும்னு விதை அனுப்புறது இதான் முதத் தடவ. நீ கைப்பிள்ளையா இருக்கையில ஒங்க அம்மா ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போயிருவா. வசம்பச் சுட்டு ஒன் வயித்துல தடவுனது நான்தான். அவ கர்த்தர்ட்டப் போன பெறகும் நான்தான் தடவுனேன். அந்தக் கைதான் இதுலயும் பட்டுருச்சு. பெரியம்மாவ மன்னிச்சுரு.

நல்ல சேதி ஒண்ணு சொல்லவா. போதகர் ஐயா வீட்டுக்கு வந்தாக. பிள்ளைக கூட்டத்த வாசல்ல நின்னு பாத்துட்டு, கிறிஸ்மஸ் நாடகத்த இந்த வருஷம் ஜாஸ்பின் போடட்டும்னாக. சபைப் பள்ளிக்கூடத்துல பாலர் வகுப்பு டீச்சரு டிசம்பரோட நிக்காகளாம். பள்ளிக்கூட மேனேஜர் நாடகத்துக்கு வருவாக. பிள்ளைகள யாரு மேய்க்கான்னு பாத்துட்டு அந்த ஆளையே எடுத்துக்கிடலாம்னு ஐயா நெனப்பு. வேலை பாத்துக்கிட்டே டீச்சர் படிப்பும் படிச்சுக்கிடலாமாம். இவளும் தாள எடுத்து எழுத ஆரம்பிச்சா. தீவாளி சீசன், கம்பெனியில ஆர்டரு தலைக்கு மேல, வந்து படுக்க மாட்டாம எழுதிக்கிட்டு இருப்பா.

போன ஞாயித்துக்கெழம நான் ஐயாட்ட, ஹெப்சிபா வாறான்னு சொன்னேன். அவுகளுக்குச் சந்தோசம். "அப்ப நாடகத்த ஹெப்சிபாவே பாத்துக்கிடட்டும், அவ வாற வருசமெல்லாம் அவதான போடுவா"ன்னாக. ஜாஸ்பினும், "ஆமா ஐயா, அக்கா வரட்டும்"னுட்டா. எழுதுன தாள மடிச்சு பீரோ மேல வச்சுட்டா. எனக்கும் ஒரு பாரம் கொறஞ்ச மாதிரி இருக்கு. பெரிய சபையில அவளால எங்க நின்னு பேச முடியும். நீ வந்து மேனேஜர்ட்ட அவளப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லு. நீ சொன்னா கேப்பாக.

பெரியம்மா ஞானதீபம்


ஆய்வு முகாம்,
17.11.2024

அன்பான பெரியம்மாவுக்கு,

போன கடிதத்துக்கு முதலில் நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கோபம் வந்ததும் பையை ஓரமாகத் தள்ளினேன். ஆனால் அந்தத் தட்டுகளில் பகலில் வந்து போனவற்றின் கணக்கை அப்போது ஒழுங்காகப் பார்க்கவில்லை. இப்போது உட்கார்ந்து பார்த்தேன்.

வெள்ளெலி வசம்பு வாசத்துக்கு நெருங்கவில்லை. வானம்பாடிக்கு அந்த வாசம் ஒரு பொருட்டே இல்லை. எலி தொடாத அந்தத் தட்டுகளில் வானம்பாடிகள் விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை இருந்து தின்றிருக்கின்றன. அந்தப் பறவையைப் பற்றித்தான் விதையில் நாட்டமில்லை என்று எழுதினேன். அதற்கு எப்போதும் பசிதான் பெரியம்மா. இருட்டிலேயே எலி வந்து நல்லதையெல்லாம் எடுத்துவிடுகிறது. மணலுக்கு அடியில் மிச்சம் கிடப்பதைத் தேடினால் தேடுகிற பாட்டுக்குக் கட்டாது. அதனால் ரெண்டு கொத்தோடு போய்விடுகிறது. பார்க்கிற நாம் அதற்கு வேண்டாம் போல என்று எழுதிவைத்துக்கொள்கிறோம். எலி யாரையும் விரட்டவில்லை. வானம்பாடி வரும்போது அது வளைக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறது. முந்தி வந்தது ஒன்றுதான் அது செய்தது.

ஞாயிறு பள்ளியில் வசனப் போட்டி நினைவிருக்கிறதா? ஜாஸ்பினும் என்னோடு சேர்ந்துதான் படித்தாள். நான் எழுந்து ஒப்பித்து முடித்ததும் அவள் எழுந்திருக்கவே இல்லை. "அவளுக்கு வராது" என்றீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், பரிசை வாங்கிக்கொண்டேன்.

நான் கிறிஸ்மஸுக்கு வரவில்லை. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். போதகர் ஐயாவிடம் உடனே சொல்லிவிடுங்கள், இன்றே என்றாலும் சரி. நான் வந்தால் பிள்ளைகள் யார் பக்கத்தில் உட்காருவார்கள், நீங்களே யோசித்துப் பாருங்கள். பீரோ மேல் இருக்கிற தாளை இறக்கிக் கொடுத்துவிடுங்கள். நான் எழுதியதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

வர வேண்டும் என்றுதான் இருக்கிறது. அதை மட்டும் தப்பாக நினைத்துவிடாதீர்கள்.

உங்கள்
ஹெப்சி


அச்சங்குளம்,
1.12.2024, ஞாயிறு

ஹெப்சிபாவுக்கு,

போதகர் ஐயாட்டச் சொல்லிட்டேன். தாளையும் இறக்கிக் குடுத்துட்டேன். நீ சொன்னபடி.

வசம்பு போட்ட கோவம் இன்னும் ஒனக்குத் தீரல. அது எனக்குத் தெரியுது. அதுக்கு எலிக் கதையும் குருவிக் கதையும் எழுதணுமா. பெத்தவ இல்ல, பெரியம்மாதான, வராட்டி என்னன்னு நெனச்சுட்டபோல. பிள்ளைக எங்க ஒக்காரும்னு கேட்டுருக்க. நம்ம வீட்டுல எடமா இல்ல?

ஒனக்குன்னு எடுத்த சேலை பொட்டியில இருக்கு.

ஞானதீபம்


அச்சங்குளம்,
12.1.2025, ஞாயிறு

என் செல்ல மகள் ஹெப்சிபாவுக்கு,

புது வருசத்துல ஒன் போக்கையும் ஒன் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. இத எழுத ஒக்காந்து ரெண்டு காயிதத்தக் கிழிச்சுப் போட்டுட்டேன். இதக் கிழிக்க மாட்டேன்.

முதல்ல நாடகத்தச் சொல்லுறேன். பெட்டி அட்டையில ஆடு செஞ்சிருந்தா. கம்பெனி ஜிகினாத் தாள்ல நட்சத்திரம். சத்திரக்காரன் பொண்டாட்டி ரோஜா. மரியாளும் யோசேப்பும் வந்து எடம் கேக்காக, ரோஜா "எடம் இல்ல"ன்னு சொல்லணும். அந்தப் பிள்ளை நின்னு முழிக்கிது. நீ இருந்தா ஓரத்துல இருந்து எடுத்துக் குடுத்துருவியேன்னு நெனச்சேன். ஜாஸ்பின் எடுத்துக் குடுக்கல. தலைய மட்டும் ஆட்டிக்கிட்டு நின்னா. கடைசியில ரோஜா, "உள்ள எடம் இல்ல, ஆனா நான் வேணா வெளிய வந்துருறேன், நீங்க போங்க"ன்னுட்டா. சபையே சிரிச்சுச்சு. மேனேஜர் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டாக. நான் மட்டும் சிரிக்கல. ஏன்னு அப்பத் தெரியல.

வெளிய வாறப்ப யாரோ, "ஜாஸ்பின் டீச்சரோட அம்மா"ன்னு கூப்புட்டாக. நான் திரும்பிப் பாக்கல. ஊருல என்னய எப்பவும் ஹெப்சிபா பெரியம்மான்னுதான கூப்புடுவாக. வேற யாரையோன்னு நெனச்சு நடந்துட்டேன்.

போன திங்கக்கெழம இருந்து பள்ளிக்கூடத்துக்குப் போறா. கம்பெனி வேன் நம்ம வாசல்ல நிக்காமப் போகுது.

நாடகத்தன்னைக்குக் கோயில்ல நீ ஒக்காருற பெஞ்சில துண்டு விரிச்சு எடம் போட்டு வச்சிருந்தேன். வராதவளுக்கு எதுக்குன்னு எனக்கே தெரியல. கூட்டம் நெருக்குச்சு, ஆனாலும் அதுல ஒருத்தரும் ஒக்காரல.

இன்னொண்ணு. காலையில முத்தத்துல குருணை போடுவேன்ல. கோழி வந்து பொறுக்கும். சிட்டுக்குருவி ரெண்டு மூணு செவுத்துல ஒக்காந்து பாக்கும், போயிரும். அதுகளுக்கு வயித்துக்குக் கெடச்சுருது, நம்ம குருணை வேண்டாம்போலன்னு இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். நேத்து ஜாஸ்பின் பள்ளிக்கூடச் சேலைய முத்தத்துல காயப் போட்டுருந்தா. கோழி மிதிச்சுரும்னு பஞ்சாரக் கூடையப் போட்டு அதக் கவுத்துனேன். செத்த நேரத்துல எங்கனதான் இருந்துச்சுகளோ, முத்தம் பூரா குருவி. அப்படித் திங்கிதுக. நான் வெளக்குமாத்தோட அங்கனயே நின்னுட்டேன். பெறகு உள்ள போய் பைபிள்ல இருந்து ஒன் எலி, குருவிக் காயிதத்த எடுத்து மறுபடியும் படிச்சேன்.

வெளிய வந்து பாத்தா கோழி பஞ்சாரத்துக்குள்ள நின்னு பாத்துக்கிட்டே இருக்கு. ஒரு சத்தமும் போடல. அது என்ன பாவம் செஞ்சுச்சு, அதுக்கும் பசிக்கும்ல. ஒரு கை குருணைய அள்ளிப் பஞ்சாரத்து இடுக்கு வழியா உள்ள போட்டேன்.

ஈஸ்டருக்காச்சும் வந்துருன்னு எழுதத்தான் பேனாவ எடுத்தேன். கிழிச்ச ரெண்டு காயிதத்துலயும் அதத்தான் எழுதியிருந்தேன். இப்ப அப்படி எழுதல. இந்த வருசம் வராத மக்கா. அவ கால ஊனிக்கிடட்டும். நேத்துக்கூட ரோஜா, "ஹெப்சியக்கா எப்ப வருவாக"ன்னு கேட்டுச்சு. ஜாஸ்பின் பாடத்த நிறுத்திட்டு என் மொகத்தப் பாத்தா. எலியெல்லாம் விடலையாம்னு சொல்லிட்டேன். இந்த வயசுல பொய்யும் சொல்ல ஆரம்பிச்சுட்டேன், ஆண்டவர்ட்ட நீயும் எனக்காகக் கேட்டுக்கிடு.

பார்சல்ல சேலை இருக்கு. சாத்தூர்ச் சேவும் கருப்பட்டி மிட்டாயும் வச்சிருக்கேன். எதுலயும் வசம்பு இல்ல, ரெண்டு தடவ பாத்துட்டுத்தான் கட்டுனேன். பையத் தெறந்தா நம்ம வீட்டு வாசம் வராது. அதுக்கு என்ன செய்யன்னு எனக்குத் தெரியல.

ஒன்
பெரியம்மா